ஒரே வாய்க்கால், இரண்டு கருத்து: பகை வளராமல் மறுத்துப் பேசும் முறை

ஒரு வாய்க்காலில் பாசனம் செய்பவர்கள் ஒருவரையொருவர் ஒதுக்கிவைக்க முடியாது. மேல்வயல்காரர் வடிக்கும் நீர் கீழ்வயலுக்கு வருகிறது. கீழ்வயல்காரர் வடிகாலை அடைத்தால் மேல்வயல் பயிர் அழுகுகிறது. கருத்து ஒத்துப்போகாதவரோடும் ஆயுள் முழுக்க அதே மதகில் நின்றாக வேண்டும். ஆனாலும் மே மாதக் கடைசியில், மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா திறக்காதா என்ற பேச்சு எழும்போதே பல ஊர்களில் வாய்க்கால் கூட்டம் வாய்ச்சண்டையாகிவிடுகிறது. சண்டைக்குக் காரணம் தண்ணீர் மட்டுமில்லை. தவறாகச் சொல்பவரை எப்படிக் கேட்பது, எப்படி மறுப்பது, எதை விட்டுவிடுவது என்ற பழக்கம் இல்லாததும்தான்.

கீழே சொல்வது வாய்க்கால் கூட்டத்துக்கும் களத்துமேட்டில் இருவர் பேசும் பேச்சுக்கும் ஆனது. கோயில் கமிட்டிக்கும் வீட்டுப் பாகப் பேச்சுக்கும்கூடப் பெரும்பகுதி உதவும். உதாரணங்கள் எல்லாம் நெல்லிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்தவை.

முதலில் அளவு ஒன்றுதானா என்று பாருங்கள்

ஒருவர் "மாவுக்குப் பன்னெண்டு மூட்டை கண்டுச்சு" என்கிறார். இன்னொருவர் "ஏக்கருக்கு அம்பத்துநாலு எடுத்தேன், உன்னுதெல்லாம் ஒரு விளைச்சலா" என்கிறார். முன்னவர் பேசுவது 60 கிலோ மூட்டை, பின்னவர் பேசுவது கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பம். ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். பன்னிரண்டு மூட்டை 720 கிலோ. மூன்று மாவுக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு, 2,160 கிலோ. ஐம்பத்துநாலு சிப்பமும் 2,160 கிலோதான். இருவருக்கும் ஒரே விளைச்சல். ரகத்தைப் பற்றி அரைமணி நேரம் வாதாடியிருப்பார்கள்.

மேட்டூர் நீர்மட்டப் பேச்சிலும் இதே குழப்பம். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). மட்டம் 60 அடியைத் தொட்டதும் "பாதி அணை நெறஞ்சிருக்கு, ஏன் தெறக்கல?" என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை, அரசியலும் பேசவில்லை. அடியைப் பாதியாக்கினால் நீரும் பாதி என்று நினைக்கிறார். அணை கீழே குறுகி மேலே விரிவதால் 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி., கால்பங்குக்குச் சற்று மேல். கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் நிற்கும். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் ஒரு டி.எம்.சி. ஆகவே வரத்தே இல்லாமல் 12,000 கனஅடி விட்டால் அந்த 25 டி.எம்.சி. முழுதும் 25 நாளுக்குக்கூடத் தாங்காது. குடிநீருக்கு நிறுத்திவைப்பது போக இன்னும் குறையும். ஜூனில் தொடங்கும் குறுகியகால நெல்லான குறுவைக்கோ 105 முதல் 115 நாள் வேண்டும்.

இந்தக் கணக்கை வாயால் சொல்லாமல் தாளில் போடுங்கள், அதுவும் அவர் கையாலேயே. "நீங்களே வகுத்துப் பாருங்கண்ணே" என்று பேனாவைக் கொடுத்தால், விடை அவருடையதாகிறது. நாம் வகுத்துக் காட்டினால் நம் வெற்றியாகிறது. அதை அவர் ஏற்க மாட்டார், ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

தவறினால் நட்டம் யாருக்கு?

எல்லாத் தவறான கருத்தையும் திருத்தக் கிளம்பினால் ஊரில் யாரும் நம்மோடு பேச மாட்டார்கள். வாயைத் திறக்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: அவர் நினைப்பது தவறென்றே வைத்துக்கொண்டால் நட்டம் எந்த வரப்போடு நிற்கும்?

அவருடைய வரப்புக்குள் நின்றால் விட்டுவிடலாம். சித்திரையில் நல்லேர் பூட்ட எந்த நாள், விதைநெல்லை எந்தக் கிழமை நனைப்பது, பழைய ரகமா புது ரகமா, ஒற்றை நாற்றா நாலு நாற்றா: கேட்டால் நம் கருத்தை ஒருமுறை சொல்லலாம். கேட்காதபோது சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை என்றால் ஒருமுறைதான். மூன்றாம் முறை சொல்வது அறிவுரையில் சேராது.

நட்டம் வரப்பைத் தாண்டினால் பேசியே ஆக வேண்டும். மருந்தடித்த மறுநாளே வயல் நீரை வடிப்பது, பொது வடிகாலில் மண் போட்டு வழி அமைப்பது, முறைவைத்துத் தண்ணீர் விடும் நேரத்தில் குழாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் இதில் சேரும். இங்கே "அவரவர் விருப்பம்" என்று ஒதுங்குவது பெருந்தன்மை ஆகாது. வாய்க்காலின் கடைசியில் நிலமுள்ள கடைமடைக்காரர் தலையில் சுமையை இறக்கிவிட்டு நாம் நல்லபேர் வாங்குவதுதான் அது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. தண்ணீர் குறைவான ஆண்டில் குறுவை வைப்பதா, எல்லாரும் நேரே நீண்டகாலப் பயிரான சம்பாவுக்குப் போவதா? போர்வெல் உள்ளவருக்கு ஆற்றுத் தண்ணீரில் முழு முறை உண்டா? இவற்றில் சரி தவறு என்று அளந்து காட்ட எதுவுமில்லை. யாருக்கு எவ்வளவு என்பதுதான் பேச்சு. இதை அறிவுப் பிரச்சினையாக ஆக்கி, எதிராளிக்கு விவரம் தெரியவில்லை என்று பேசுவதுதான் கூட்டங்களில் அதிகம் நடக்கும் பிழை. அவருக்கு விவரம் தெரியும். அவருடைய பங்கு வேறு, அவ்வளவுதான்.

அவர் "அதேதான்" என்று சொல்லும்வரை

மறுப்பதற்கு முன் அவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, அதேதான்" என்று சொன்ன பிறகே நம் முறை. "இல்ல, நான் அப்படிச் சொல்லல" என்றால் மறுபடி கேட்க வேண்டும். பலர் முதல் தடவையிலேயே தோற்பார்கள், ஏனென்றால் கேட்கும்போதே பதிலைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள்.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். பயிர் எப்போதும் கருகருவென்று இருக்க வேண்டும், வெளிறினால் உடனே யூரியா என்பது பல மூத்த விவசாயிகளின் உறுதியான எண்ணம். இளையவர் ஒருவர் இதை மறுக்க வேண்டும்.

"பெரியப்பா, நீங்க சொல்றது, நட்டு இருபதாம் நாள் வெளிறுனா தூர் கட்டாது, அதனால காத்திருக்காம போடணும்னு. சரிதானா?"

"அதேதான். விட்டா பிடிக்க முடியாது."

"நீங்க அப்படிப் போட்டு நல்லா வந்தது எந்தப் பட்டத்துல? குறுவையிலயா, தாளடியிலயா?"

இரண்டாவது கேள்விதான் முக்கியம். தவறான கருத்துக்குள்ளும் ஒரு காலத்தில் சரியாக இருந்த அனுபவம் இருக்கும். குறுவையில் நல்ல வெயில் உண்டு, தழைச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும். குறுவை அறுத்தபின் நடும் தாளடியில், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே அளவு போட்டால் இலை கொழுத்து இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் எல்லாம் கூடும், கதிர் முற்றும்போது பயிர் சாயும். வெளிறியதற்குத் துத்தநாகக் குறையோ வடியாத தண்ணீரோ காரணமாயிருந்தால் யூரியா எதையும் தீர்க்காது. ஆக, பெரியவர் ஒரு பட்டத்தில் கண்ட உண்மையை எல்லாப் பட்டத்துக்கும் நீட்டுகிறார். "நீங்க சொல்றது குறுவைக்குச் சரி பெரியப்பா, தாளடிக்கு எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று சொல்ல இப்போது இடம் கிடைக்கிறது. இது முகத்துக்காகச் சொல்லும் இனிப்பு இல்லை, உள்ளதே அதுதான்.

இதையே டீக்கடையில் பத்துப் பேர் நடுவே கேட்டால் பலன் இருக்காது. பெரியவர்களை மறுப்பதாக இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில், தனியாக, அவர் சாப்பிட்டு ஓய்ந்த நேரத்தில். பொது இடத்தில் ஏற்கெனவே பேச்சு வந்துவிட்டால் "இதப் பத்தி உங்ககிட்ட சாயங்காலம் வந்து கேக்கிறேன் மாமா" என்று நிறுத்துங்கள். போகவும் வேண்டும்.

சில வாக்கியங்களை நாக்கில் வைத்துக்கொள்ளவே கூடாது: "உங்களுக்கு என்ன தெரியும்", "அந்தக் காலமெல்லாம் போச்சு", "நீ அந்தக் கட்சி, அப்படித்தான் பேசுவே". மூன்றும் கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தொடுகின்றன. தெருவையோ சாதியையோ இழுத்தால் அந்தக் கூட்டத்தை அன்றே கலைத்துவிடுவது நல்லது. அதன் பிறகு பேசும் எதுவும் தண்ணீரைப் பற்றியதாக இருக்காது.

நம் பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். சொல்லும் ஒவ்வொன்றையும் எப்படித் தெரியும் என்று சேர்த்தே சொல்லுங்கள்: நானே பார்த்தேன், பார்த்தவர் சொன்னார், கேள்விப்பட்டேன். "புகையான் யூரியாவாலதான் வருது" என்பதைவிட "என் வயல்ல அதிகம் போட்ட பாத்தியிலதான் முதல்ல விழுந்துச்சு, மத்த இடம் எனக்குத் தெரியாது" என்பதற்கு மதிப்பு அதிகம். கேள்விப்பட்டதைப் பார்த்ததுபோலச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டால், அடுத்து பார்த்ததைச் சொன்னாலும் எடுபடாது.

கூட்டத்தில் யார் இல்லை என்றும் கவனியுங்கள். நாற்றின் வயது, நடவு நெருக்கம், எந்த வயலில் கால் புதைகிறது என்பதெல்லாம் நடவுப் பெண்களுக்கு நிலக்காரரைவிட நன்றாகத் தெரியும். குத்தகைக்காரருக்கும் அப்படியே. நடவு பற்றிய வாதத்தில் நட்டவர் ஒருவரும் இல்லையென்றால், இருவர் கேள்விப்பட்டதை வைத்து மோதிக்கொள்கிறார்கள் என்றே பொருள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள், ஓரமாக நிற்கவைத்து வேண்டாம்.

ஒரு மாவில் சோதித்துப் பார்ப்பது

சோதிக்கக்கூடிய கருத்து என்றால் வாதத்தை நீட்ட வேண்டாம். "எதப் பாத்தா நீங்க மாத்திக்குவீங்க?" என்று கேளுங்கள். அதற்கு முன் எதைப் பார்த்தால் நாம் மாற்றிக்கொள்வோம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். இருவரிடமும் விடை இருந்தால் சோதனைக்குப் போகலாம். ஒருவர் "எதப் பாத்தாலும் மாத்த மாட்டேன்" என்றால் அது நம்பிக்கை. அதை மதித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள்.

யூரியா வாதத்துக்கு ஒரு மா போதும். நடுவே தடித்த வரப்புப் போட்டு 50 குழியாக இரண்டாக்குங்கள். ஒரே ரகம், ஒரே நாற்றங்கால், ஒரே நாள் நடவு. தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி வாய்மடை வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்க யூரியா கரைந்து மறுபக்கம் போய்ச் சோதனையே கெடும். ஒரு பாதியில் பெரியவர் தம் வழக்கப்படி போடட்டும். மறுபாதியில், இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப்பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டைப்படி போடுங்கள்: நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துக் குத்தில் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையில் ஒட்டிப் பார்ப்பது. வெயில் படாமல் நம் உடம்பு நிழலில் பார்க்க வேண்டும். எல்லா வாரமும் ஒரே ஆள் பார்த்தால் நல்லது, கண்ணுக்குக் கண் நிறம் மாறும். பத்தில் ஆறு இலையாவது குறித்த எண்ணிலோ அதற்குக் கீழோ இருந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற நடவு ரகங்களுக்குப் பொதுவாக 4. போட்ட அளவை இருவரும் ஒரே நோட்டில் எழுதுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ என்பது நினைவிருக்கட்டும்.

அறுப்பில்தான் சண்டை மீண்டும் வரும். மெஷினை விடுமுன் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டிக் கையால் அறுத்து அடியுங்கள். சதுரம் சரியா என்பதற்கு மூலைக்கு மூலை அளந்தால் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வர வேண்டும். இடத்தை யாரும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தென்மேற்கு மூலையிலிருந்து எத்தனை அடி கிழக்கே, எத்தனை அடி வடக்கே என்று சீட்டு எழுதிப்போட்டு ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். வரப்போரம் வந்தால் அடுத்த சீட்டு. நான்கு குவியலையும் ஒரே களத்தில், ஒரே வெயிலில் காயவைத்து ஒரே தராசில் நிறுக்க வேண்டும். 25 சதுர மீட்டரில் கண்ட கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு: 12 கிலோ என்றால் 1,944 கிலோ.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் வித்தியாசம் என்று நடவுக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பாதியின் இரு இடங்களே அரைக் கிலோ வேறுபடும்போது, இரு பாதிக்கும் இடையே கால் கிலோவைப் பிடித்துக்கொண்டு வெற்றி என்று சொல்வதில் நேர்மையில்லை. விளைச்சல் சமமாக வந்தால் செலவைப் பாருங்கள், எந்தப் பாதிக்கு யூரியாவும் மருந்தும் குறைவாகப் போனது என்று. குறுவையில் கண்ட முடிவு குறுவைக்குத்தான். தாளடிக்குத் தாளடியில்தான் பார்க்க வேண்டும்.

"நெல்லுன்னா தண்ணி நின்னுகிட்டே இருக்கணும்" என்ற கருத்துக்கும் இப்படி ஓர் எளிய வழி உண்டு. ஓட்டை போட்ட ஓரடிக் குழாயைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட்டால், மேலே தண்ணீர் தெரியாதபோதும் வேரடியில் நிற்பது கண்ணில் படும். மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை பயிருக்குப் பாதகமில்லை. பூக்கும் பருவத்தில் மட்டும் மேலே 5 சென்டிமீட்டர் நிறுத்துங்கள். எட்டிப் பார்த்தவரோடு வாதாட வேண்டியிருக்காது.

முறைத் தண்ணீர்ப் பேச்சு

தலைமடைக்காரர் "வாய்க்கால தூர்வாரல, அதான் கீழ போகல" என்பார். கடைமடைக்காரர் "நீங்க அடைச்சுக்கிறீங்க, அதான் வரல" என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கும். கொட்டகையில் உட்கார்ந்து இதை முடிக்க முடியாது. தண்ணீர் வருமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை, தலைமடையில் இருவர், நடுமடையில் இருவர், கடைமடையில் இருவர் சேர்ந்து காலை 6 மணிக்கு மதகிலிருந்து கடைசி வயல்வரை நடக்க வேண்டும். உடைப்பு, களவாக வைத்த குழாய், காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். குறித்தவுடனே யார் குற்றம் என்று பேச வேண்டாம், நடந்து முடித்தபின் பேசலாம். பாதி வழியில் சண்டை தொடங்கினால் கீழ்ப்பாதியை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டியது அதுதான்.

கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது வாய்க்கால் நிறையும் நேரம். ஐந்து நாள் முறை என்றால் 120 மணி. 60 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு 2 மணி என்று எழுதிவிடுகிறார்கள். வறண்ட வாய்க்கால் நிறைய 12 மணி ஆகிறதென்றால் உண்மையில் இருப்பது 108 மணி, ஏக்கருக்கு 1 மணி 48 நிமிடம். அந்த 12 மணியை எல்லாருக்கும் பொதுவாகக் கழிக்காவிட்டால் அது முழுதும் கடைமடையின் பங்கிலிருந்து போகும். இதைத் தலைமடைக்காரர் வேண்டுமென்றே செய்வதில்லை, அவர் வயலில் அது தெரிவதே இல்லை. அதனால் கூட்டத்தில் முதலில் பேசும் உரிமையைக் கடைமடைக்குக் கொடுங்கள்.

பேச்சு முடிவில் பதிவேட்டில் இரண்டு எழுத வேண்டும்: என்ன முடிவு, யார் எந்தக் காரணத்தால் உடன்படவில்லை. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தம் மறுப்பு எழுத்தில் இருக்கிறது, தை கழிந்து மீண்டும் பார்க்கப்படும் என்று தெரிந்தவர் முறைப்படி நடப்பார். அவர் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. நேரத்துக்கு மதகை மூடினால் போதும்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. காவிரிக்காகத் தமிழ்நாட்டு விவசாயிகளும் கர்நாடக விவசாயிகளும் பகைவர்களாக நின்ற காலத்தில், 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் காவிரிக் குடும்பம் என்ற பெயரில் இருதரப்பும் சந்தித்தன. ஒருவர் பகுதியை மற்றவர் நேரில் போய்ப் பார்த்தார்கள். எத்தனை டி.எம்.சி. என்ற எண்ணை அந்தச் சந்திப்புகள் முடித்துவைக்கவில்லை. அது 2007-ல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பிலும், பிறகு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதிலும்தான் வந்தது. ஆனாலும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வழக்காளிகள் ஒருவர் வயலில் ஒருவர் நின்றது சிறிய காரியமில்லை. பூம்புகாரில் வாதிடப் பட்டிமண்டபம் ஏறுவோரிடம், பகைவரோடானாலும் சினமும் கலகமும் வேண்டாமென்று முரசறைந்தார்கள் என்று பழைய இலக்கியம் பேசும் மண் இது.

பொய்யும் பிழையும்

தவறாக நினைப்பவரையும் தெரிந்தே பொய் சொல்பவரையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஆதாரம் கேட்டால், தவறாக நினைப்பவர் ஒரே காரணத்தை மீண்டும் மீண்டும் சொல்வார். அந்தக் காரணத்தைச் சோதிக்கலாம். பொய் சொல்பவர் ஒரு காரணம் விழுந்ததும் வேறொன்றுக்குத் தாவுவார். குழாய் வைக்கவே இல்லை என்பார், வைத்தது தம்பி என்பார், எல்லாரும்தான் வைக்கிறார்கள் என்பார். மூன்றாவது தாவலுக்குப் பிறகு கருத்துப் பேச்சு முடிந்தது. பதிவேட்டை எடுத்து, நாளும் இடமும் குறித்து, கரைக்காவலரிடமோ பாசனப் பிரிவு அலுவலகத்திலோ எழுத்தாகக் கொடுங்கள். கத்த வேண்டாம். அவசரப்பட்டு முதல் தடவையே ஒருவரைப் பொய்யர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். உண்மையிலேயே தம்பி வைத்திருக்கலாம்.

எதிராளி ஒப்புக்கொண்டால் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுங்கள். "அப்பவே சொன்னேன்ல" என்ற ஒரு வரி அவரை அடுத்த பட்டத்தில் பழைய கருத்துக்கே திருப்பி அனுப்பும். நாம் தவறு என்று சோதனை காட்டினால், யார் முன்னால் வாதாடினோமோ அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும், திண்ணையில் இரகசியமாக இல்லை.

எவ்வளவு பேசியும் ஒத்துவரவில்லை, மதகு திறக்க மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் புது முறை எதையும் அந்த ஆண்டு புகுத்த வேண்டாம். கடந்த ஆண்டு ஓடிய முறையே ஓடட்டும். வாய்க்கால் நிறையும் நேரத்தை மட்டும் பொதுவில் கழித்துக்கொள்ளுங்கள். எந்த நாள் எந்த வயலுக்கு எத்தனை மணி போனது என்று இருதரப்பிலிருந்தும் ஒருவர் சேர்ந்து எழுதிவரட்டும். அடுத்த மே மாதம் கூட்டம் அந்த நோட்டைப் படிப்பதில் தொடங்கட்டும்.